இருபத்து மூன்றாவது கை

என் தம்பி ஞானசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தது 1985 மார்ச்சில். நான் இரண்டு வருடம் முந்தியே வந்து, கணவரோடு டோர்ட்மண்டில் இருந்தேன். அவனைத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு கிராமத்து அகதி விடுதியில் விட்டார்கள்.

அங்கே மென்னோனைட் கிறிஸ்தவர்களின் சிறிய சபை ஒன்று இருந்தது. மொத்தம் இருபத்து மூன்று பேர். வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடுவார்கள். அடிக்குரலுக்கு ஆள் குறைந்ததால், பிள்ளையார் கோயிலில் தேவாரம் பாடிய என் தம்பியைக் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பதினெட்டுப் பாட்டுப் பாடமாக்கினான். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அப்படி மூளை இல்லை.

அடுத்த வருடம் விடுதியை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. கிராமத்தில் அறை கிடைக்காவிட்டால் தூரத்து முகாம். ஓர் அறையில் எட்டுப் பேர். சபை வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஆனால் எல்லாரும் சம்மதித்தால்தான் அந்தச் சபையில் எதுவும் நடக்கும்.

1986 நவம்பர் 16, ஞாயிறு, கூட்டம் வைத்தார்கள். நானும் ரயிலில் போயிருந்தேன். இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. தோட்டக்காரர் யாகோப்பு மட்டும் கையை மடியில் வைத்திருந்தார். அவர் சொன்னதைத் தம்பியே எனக்குத் தமிழில் சொன்னான்.

"எங்கட முன்னோர் கடவுள் பேரிலை ஆணையிடுறது பாவம், ஆணையிடமாட்டம் எண்டதாலை சுவிட்சர்லாந்திலை இருந்து துரத்தப்பட்டவை. ஒன்பது குடும்பம் நடந்து வந்து இந்தச் சபையைத் தொடங்கினது. இவன் வாய் திறந்தால் ஆணை. சூப் நல்லாயிருக்கு எண்டதுக்கும் ஆணை. இப்பிடியான ஆளை எப்பிடி நம்புறது?"

நாங்கள் பேச்சுக்குப் பேச்சு "சத்தியமா" என்போமே, அதற்கு ஜெர்மனில் "ஆணையிடுகிறேன்" என்று பொருள்படும் சொல்லை அகராதி பார்த்து அவனுக்கு எழுதி அனுப்பியவள் நான்தான்.

"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"அக்கா, நீங்கள்தானே எழுதி அனுப்பினனீங்கள்!"

"வாயை மூடு. அவரைப் பாத்துச் சிரி."

யாகோப்பு கேட்டார்: "ஆணையில்லாமல் ஒண்டு சொல்லு. இந்த வீட்டைக் கவனமாப் பாப்பியோ?"

"ஓம், சத்திய..." தமிழ் வந்துவிட்டது; தம்பி சட்டென்று வாயைப் பொத்தினான்.

"அதென்ன சொல்?" அவர் விடவில்லை.

தம்பி கொஞ்சம் யோசித்தான். சத்தியம் என்றால் எங்களுக்கு ஆணையும்தான், உண்மையும்தான். இரண்டையும் ஒளிக்காமல் சொன்னான். "நான் உண்மை எண்டுதான் நினைச்சுச் சொன்னனான். பிழையான பாதியை எடுத்திட்டன்."

யாகோப்பு தாடையைத் தடவினார். "அப்ப, என்ரை மனிசி வைச்ச சூப் உண்மையிலை நல்லாயிருந்ததோ?"

"உப்புக் காணாது."

சபை முழுக்கச் சிரித்தது. அவர் மனைவிதான் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். யாகோப்பின் கை மெல்ல உயர்ந்தது.

அப்போதே சாவியைக் கொடுத்தார். எதையும் எழுத்தில் வைப்பது என் பழக்கம். தம்பி வீட்டைக் கவனிப்பதாகக் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு தாளை எடுத்து நீட்டினேன். அவர் தாளை மடித்து என் பைக்குள்ளேயே வைத்தார்.

"ஓம் எண்டிட்டான்தானே," என்றார்.