கொள்முதல் நிலையத்தில் ஒரு பனிமலை

போன குறுவைக்கு எங்கள் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்தவர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். மேசைக்குப் பின்னால் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரப் படம் போட்ட காலண்டர் தொங்கும். யார் டோக்கனை நீட்டினாலும் அந்தப் பேனாவால் முதலில் சிகரத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்.

நான்கு நாள் காத்திருந்து என் முறை வந்தபோது வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"உக்காருங்கண்ணே. மேட்டுன்னா அவங்க பாஷையில புல்வெளி, ஹார்னுன்னா கொம்பு. அதான் பேரு."

எங்கள் மாடும் கொம்போடுதான் புல்லில் நிற்கிறது. அதை யாரும் காலண்டரில் போடவில்லை.

"சார், மானம் இருட்டுதுங்க. குவியலுக்குப் படுதா பத்தாதுங்க," என்றேன். அதற்குமேல் சத்தமாகப் பேச எனக்கு வராது.

"இருங்க. ரெண்டு நாட்டு எல்லையில நிக்கிது. இத்தாலிக்காரன் வேற பேரு சொல்றான். நல்ல வெயில்லயும் உச்சியில ஒரு பக்கம் மட்டும் மேகம் கொடி மாதிரி நிக்கும், தெரியுமா?"

அவ்வளவு தூரத்து மேகத்தை அறிந்தவருக்குக் கூரைக்கு மேல் நின்ற மேகம் தெரியவில்லை. கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் அவரே சேற்றில் இறங்கி வந்து, என் நெல்லை அள்ளிக் கருவியில் போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இருபத்தி ரெண்டு காட்டுது. பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க. காயவச்சுக் கொண்டாங்க."

பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அந்த உச்சியில இந்தத் தொல்லையே இல்லண்ணே. மழையே பெய்யாது. எல்லாம் பனிதான்."

மூன்று நாள் தார்ச்சாலையில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தேன். அவர் ஆறுதல்தான் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை. அடுத்த போகத்தை அங்கே விதைக்கச் சொன்னாரோ என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.