அப்பாவுக்குக் கேட்காத குரல்

"ஆராய்ச்சிக்கு ஏன் வந்தீர்கள்?" என்று யாராவது கேட்டால் பொருத்தமாக ஏதாவது சொல்லிவிடுவேன். உண்மையில் அது அண்ணன்மேல் எனக்கிருந்த பொறாமையில் தொடங்கியது.

விக்கிரமசிங்கபுரத்தில் அப்பாவுக்கு நூல் மில் வேலை. ஷிப்டு முழுக்க இயந்திர இரைச்சல். வீட்டுக்கு வந்து பேப்பரோடு உட்காருவார். அண்ணனுக்கு அப்போதே குரல் உடைந்து தடித்திருந்தது. அவன் வாசலில் நின்று கூப்பிட்டால் அப்பா உடனே திரும்புவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாலும் அசையமாட்டார். தற்செயலாக என்னைப் பார்த்துவிட்டு, "எப்பட்டி வந்த?" என்று சிரிப்பார்.

மில்காரர்களுக்குக் காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மந்தமான காதுக்கு அண்ணன் குரல் மட்டும் எப்படிக் கேட்கிறது? மகன்தான் செல்லம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அம்மாவிடம் போய் அழுதேன்.

"கிறுக்கி, தெனமும் உனக்குன்னுதான முறுக்கு வாங்கிட்டு வாராரு" என்றாள் அம்மா. எனக்கு ஆறவில்லை.

பிளஸ் ஒன்னில் ஒலி பற்றிய பாடம் நடந்தது. வருடக்கணக்காக இரைச்சலில் இருப்பவர்களுக்குக் கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் கேட்காமல் போகும், தடித்த சத்தங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் என்று டீச்சர் போகிறபோக்கில் சொன்னார். வகுப்பிலேயே கீச்சுக்குரல் என்னுடையதுதான்.

அன்று சாயங்காலம் அலாரக் கடிகாரத்தை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அலறவிட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரைப் புரட்டினார். அரிசி டிரம்மை லேசாகத் தட்டினேன். சட்டென்று திரும்பினார்.

"என்னட்டி செய்யுத?"

அவர் மறுபடி பேப்பருக்குள் போகும்வரை காத்திருந்து, குரலை அடிவயிற்றுக்கு இறக்கி, அண்ணனைப் போல "அப்பா" என்றேன்.

திரும்பிவிட்டார். "தொண்ட கட்டிருக்கா? கசாயம் வைக்கச் சொல்லட்டுமா?"

நான் சிரித்தேன்; கூடவே அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் என்மேல் அன்பில்லை என்று நினைத்திருந்தது வெறும் அதிர்வெண் சமாசாரம். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேர் கோபித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். இப்போது செவித்திறன் பற்றித்தான் என் ஆராய்ச்சி.

போன வருஷம் அப்பாவுக்கு ஒரு நல்ல காதுக்கருவி பொருத்தி, வாய்க்கால் கரையில் நடக்கக் கூட்டிப்போனேன். என் சொந்தக் குரலிலேயே ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார்.

"ஏட்டி, இந்தச் செருப்பு எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

"ஆமாப்பா."

"சவம், பெரிய தொந்தரவால்ல இருக்கு" என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ பேசு."