பிலோமினா டீச்சரும் என் கல்யாணச் சம்பளமும்

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கலைக்காத நம் பாலர் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு காலை செய்தி வந்தது. கிள்ளானில் மகன் வீட்டில் இருந்த பிலோமினா டீச்சர் காலமாகிவிட்டார். அதற்குக் கீழே விழுந்த முதல் பதில், "இனிமே நம்ம பாரத்த யாரு பாப்பாங்க?" எழுதியவர் வெட்கப்பட்டு உடனே அழித்துவிட்டார். அழித்திருக்க வேண்டாம். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் அழுகை வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அவர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்தது பாதி வேலைதான். மீதி, நம்மை மேய்த்தது. சம்பளம் குறைந்த வீடுகளுக்குப் பாலர் பள்ளிக் கட்டணத்தில் அரசாங்க உதவி உண்டு என்று நம்மில் பலருக்குச் சொன்னதே அவர்தான். அதற்கான பாரத்தை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, சரிபார்த்துத் தந்ததும் அவரே. நமக்கெல்லாம் பிள்ளை பெயர்தான் அடையாளம். நான் யாழினி அப்பா.

அன்று அந்த உதவி கிடைக்காவிட்டால் என் மனைவி சுமதி வேலையை விட்டுவிட்டு யாழினியோடு வீட்டில் இருக்க வேண்டியதுதான். சுமதிக்கு அந்த வேலை உயிர். ஆனால் பாரம் நிரப்பப் போன அன்று என்னோடு வந்தவர் மாமனார். ஓய்வுபெற்ற கிராணி, அலுவலக எழுத்தர். மலாயில் பாரம் எழுதத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவர் எண்ணம். அவர் பேனாவைத் திறந்து, "மாப்பிள்ள, வேலை? சம்பளம்?" என்று கேட்டார். பெண் பார்க்கப் போன அன்று சொன்னதையே சொன்னேன்: சூப்பர்வைசர், அதற்கேற்ற சம்பளம். உண்மையில் நான் பூச்சோங்கில் லோரி ஓட்டுகிறேன். சுமதிக்குத் தெரியும். அவள் வீட்டுக்குத் தெரியாது.

டீச்சர் பாரத்தைப் பார்த்தார். நான் மடித்துக் கொடுத்த சம்பளச் சீட்டைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி இருக்கிறது, நடுவர்தான் கிடைக்கவில்லை என்றார். அப்படி ஒரு போட்டியே அன்று இல்லை. மாமா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"யாழினி அப்பா, கல்யாணத்துல சொன்ன சம்பளம் கல்யாணத்தோட முடிஞ்சிரிச்சி. சீட்டுல உள்ளத எழுதுங்க லா."

புதிய பாரத்தை அவர் எதிரிலேயே எழுதினேன்.  இந்த வெட்கத்தால் உதவியை இழந்த 'மேனேஜர்' அப்பாக்கள் தன் பள்ளியில் நிறைய பேர் என்று சொல்லிச் சிரித்தார். பிறகுதான் என் அடிமடியிலேயே கை வைத்தார்: சாட்சிக் கையெழுத்தை மாமாவே போடட்டுமாம். கெஞ்சிப் பார்த்தேன். "பொய்ய எத்தன வருஷம் சுமப்பீங்க? லோரியில ஏத்துற சாமானா அது?" என்றார்.

எல்லாப் பிள்ளைக்கும் முதல் பரிசு கொடுத்துவிட்டு மாமா திரும்பி வந்தார். கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் படித்தார். சம்பள வரியில் நின்றார்.  கையெழுத்துப் போட்டார்.

ரயில் நிலையத்துக்கு நடந்தோம். மேடையில் நின்று கேட்டார், "சுமதிக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மாப்பிள்ள. நீங்க சொன்ன சம்பளத்துக்கு மேல நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லி வச்சிருக்கேன்."

உதவி கிடைத்தது. சுமதி இன்றும் வேலைக்குப் போகிறாள். மாமா கூட்டிச் சொன்ன கதையை டீச்சரிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசிவரை அதை அவர் அத்தை காதுக்குப் போகவிடவில்லை. அவ்வளவு நல்லவர்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்று மாலை யாழினி கல்லூரி விடுதிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளிப் பிள்ளை இப்போது ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டாள். அப்பா வேலைக்கு என்ன போட என்று கேட்டாள். பக்கத்தில் அத்தை காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாமா நாளிதழைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"லோரி டிரைவர்னு போடும்மா," என்றேன், அத்தைக்கும் கேட்கும்படி. டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்தக் குரல்தான்.