பையை நனைத்துக் காட்டிய கடைக்காரர்

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளி. மறுநாள் மேகமலைக்குப் போக, என் முதல் கேமராவுக்குத் தேனியில் பை தேடினேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மேகமலைக்கு என்று சொல்லி நான் கேட்ட விலையுயர்ந்த பழுப்புப் பைக்குள் தன் செல்போனை வைத்து மூடி, மேலே பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"அண்ணே, போனு!"

"எம்போனுக்கே இந்தப் பதறு பதறுறீக. ஒங்க கேமரான்னா?"

போன் ஈரமாக வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இது கல்யாண மண்டபத்துக்கு ஆகும். மேகமலைச் சாரலுக்கு அங்கன தொங்குற கறுப்புதாண்ணே."

அதற்குள்ளும் போனை வைத்து ஊற்றினார், நனையவில்லை. விலையோ பாதிதான்.

மலையில் சாரல் விடவேயில்லை. கேமராவைப் பற்றிய கவலையில்லாமல் நாள் முழுவதும் நடந்தேன். முன்பின் தெரியாத எனக்காக ஒரு விலையுயர்ந்த பையை அவர் ஏன் நனைத்தார் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.