கால் முன்னே வந்தவள்

நான் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது சூலூரில் எங்கள் தெருவின் நம்பிக்கை. யாருக்குப் பிடித்துக்கொண்டாலும் என்னைக் கூட்டிப்போவார்கள். மிதித்து இறங்கினால் முறுக்கு கிடைக்கும்.

அம்மாவுக்கு வலி வந்த தேதி என்னிடம் இல்லை. நான் நான்காம் வகுப்பு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பது வரை உறுதி. விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. துணிச் சுருளைக் குனிந்து தூக்கியவள் நிமிர முடியாமல் வீடு வந்தாள். டாக்டர், கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். நரம்பில் கோளாறில்லை, தசைப்பிடிப்புதான். படுத்தே கிடக்கக் கூடாது; காலையும் மாலையும் நடக்க வேண்டும்; சில வாரம் பாரம் தூக்காமல், நின்றபடியே நிற்காமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். பிற்பாடு நான் தேடிப் படித்ததெல்லாம் இதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை.

எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, சிரிப்பு வந்தது.

“நடந்தாப் போயிருமுன்னா தபால்காரருக்கு இடுப்பே வலிக்காதாட்ட இருக்குது. நம்ம ஊட்டுலயே வைத்தியம் இருக்கறப்ப டாக்டரு எதுக்கு?”

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் அம்மாவைப் பாயில் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஓலைச் சிலுவையைக் கையில் பிடித்தபடியே ஏறி மிதித்தேன். என் காலடியில் கத்தாதவர் அதுவரை இல்லை, அம்மா கத்தவில்லை. அதை என் கைராசிக்கு, கால்ராசிக்கு, சான்றாக எடுத்துக்கொண்டேன். வலி போய்விட்டதா என்று கேட்டது அத்தை. அம்மா பதில் சொன்னது எனக்கு.

“போயிருச்சு கண்ணு.”

அப்பா உடனே தறி முதலாளிக்குப் போன் செய்தார். “நாளைக்கு வேலைக்கு வந்துருமுங்க” என்றார். அம்மாவை அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினாள். பத்தடி போயிருக்க மாட்டாள்.

“ஏனம்மணி, வலிதான் போயிருச்சே. இன்னும் ரோட்டுல என்ன நடை?” என்று அத்தை வாசலிலிருந்து கேட்டாள். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கும் கோபம்தான். நான் குணப்படுத்திய பிறகும் நடந்தால், என் காலுக்கு என்ன மரியாதை? ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அவள் என்னோடு திரும்பி வந்தாள். படியேறும்போது மட்டும் நின்று, என் தோளில் கையூன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தோள் வலித்தது. என் மீது அவளுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.