அழுகிய மூட்டையில் ஒரு பூ

அடுத்தவர் குடித்த டம்ளரைக் கண்டாலே சோப்பக்காவுக்குக் குமட்டும். கைப்பையில் எப்போதும் சோப்பு இருப்பதால் வந்த பெயர் அது. செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்ததற்கும் அந்த அருவருப்புதான் காரணம். காய்ந்த செடி எச்சில் துப்பாது, ஏப்பம் விடாது. புருஷனிடம் இல்லாத நல்ல குணங்கள்.

அந்த நிம்மதியில்தான் மண் விழுந்தது. மலைக்காட்டிலிருந்து திரும்பிய ஆய்வாளர் ஒரு பிளாஸ்டிக் மூட்டையை மேசைமேல் வைத்தார். யாரும் இதுவரை பெயர் வைக்காத புதர்ச்செடியாம். பூத்திருந்தது ஒரே ஒரு செடிதானாம். மழையில் அது நின்ற சரிவே பெயர்ந்து போய்விட்டதாம். ஒரு முழுப் பூவாவது தேறினால்தான் அதைப் புதிய இனம் என்று நிரூபிக்க முடியும்.

சோப்பக்கா முடிச்சை அவிழ்த்தார். செய்தித்தாளும் இலையும் பூவும் கறுப்புக் கூழாகியிருந்தன. செத்த எலியை ஊறப்போட்ட நாற்றம். நடுவில் புழு நெளிந்தது.

“இது என்ன சார் கண்றாவி? ஸ்பிரிட் ஊத்தலையா?”

ஸ்பிரிட் ஊற்றிக் கட்டினால் ஊர் வந்து சேரும்வரை செடி அழுகாது. ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

“கொண்டுதான் போனேன்க்கா. காலெல்லாம் அட்டை ஏறிடுச்சு. அதுங்க மேல ஊத்தி ஊத்தியே தீந்துபோச்சு.”

“உங்க காலக் காப்பாத்திட்டு என் உயிர வாங்க வந்துட்டீங்களாக்கும்!”

வந்த வாந்தியை விழுங்கிக்கொண்டு இடுக்கியால் கூழைக் கிளறினார். தொட்ட பூவெல்லாம் சளியாக ஒழுகியது. ஒன்று மட்டும் உருக்குலையாமல் வந்தது. தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டார். இதழ்கள் ஒட்டிக்கிடந்தன, தூரிகை பட்டால் கிழியும், ஊதித்தான் பிரிக்க வேண்டும்.

“நான் ஊதட்டுமாக்கா?”

“நீங்க கிட்ட வந்தா வாந்தி எடுப்பீங்க. அதையும் நான்தான் கழுவணும். அங்கேயே நில்லுங்க.”

கண்ணை இறுக்க மூடி, வாயை அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதினார். இதழ்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கடைசி இதழின் அடியிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. அதை எடுத்தெறிந்துவிட்டுப் பூவைத் தாளில் ஏந்தினார்.

ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. “அக்கா, இந்தச் செடிக்கு உங்க பேரையே வச்சிடறேன்!”

“தூ! உங்க பேரையே வைங்க சார். இந்த நாத்தம் யாரால வந்துச்சுன்னு உலகம் தெரிஞ்சுக்கட்டும்.”