மூன்றாம் தடத்துச் செப்புக்கம்பி

வண்ணார்பேட்டையில் கலைச்செல்வி நடத்திய விளையாட்டுக் கூடத்தில் ஸ்லாட் கார் பந்தயத்துக்குத்தான் எப்போதும் கூட்டம். அகலமான மேசைமேல் நான்கு தடங்கள். தடத்துக்கு ஒரு குட்டிக் கார், அதைக் கையில் பிடித்து அழுத்தி ஓட்ட ஒரு கன்ட்ரோலர். ஏரலில் பிறந்து, ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்து, டவுனில் பல வருஷம் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றியவள் அவள். ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தன் கையாலேயே ஃபியூஸ் போட்டிருந்தாள்.

அந்த ஞாயிறு மதியம் கூடத்தைத் தம்பி பெருமாள்ராஜிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பும்போது வாசலிலேயே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ரீபா என்ற சிறுமி கையை உதறி உதறி அழுதுகொண்டிருந்தாள். கன்ட்ரோலர் தரையில் உருகிக் கிடந்தது.

கலைச்செல்வி மெயினை அணைத்தாள். கொப்புளித்த கையைக் குழாயடியில் காட்டி, தாயையும் மகளையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"விளையாட்டுச் சாமான்தானன்னு நம்பித்தான கையில குடுத்தோம்?" என்றாள் தாய்.

திரும்பி வந்தால், பெருமாள்ராஜ் மெயினை மறுபடி போட்டிருந்தான்; மற்ற மூன்று தடங்களிலும் கார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மெயினைத் தட்டி அணைத்துவிட்டு மேசைக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்தாள். மூன்றாம் தடத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக்கம்பி.

"ஏலே, இத வச்சது யாருலே?"

"நாந்தான்க்கா. மாத்த மாத்த ஃபியூஸ் போயிக்கிட்டே இருந்துச்சு. ஆளுங்க சத்தம் போடுதாவ. என்ன செய்யச் சொல்லுத?"

"ஏன் போகுதுன்னு பாத்தியா?"

அவள் மூன்றாம் தடத்துக் காரைக் கவிழ்த்துக் காட்டினாள். தடத்தில் உரசி மின்சாரம் எடுக்கும் இரண்டு கம்பிப் பின்னல்களும் பிய்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கிடந்தன.

"இதுதான் ஷார்ட்டு. ஃபியூஸ் போனா கார் நிக்கும், அம்புட்டுத்தான். அத நிக்கவிடாம அந்தப் பிள்ள கைய வேகவிட்டுட்டியே!"

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியாமயா? பாக்கச் சோம்பல்பட்டுப் பண்ணுன."

"நாங்க ராதாபுரத்துலருந்து வந்திருக்கோம்" என்று கூட்டத்தில் ஒருவர் முனகினார்.

"எங்கருந்து வந்தாலும் சரி அண்ணாச்சி, இன்னைக்கு இங்கன ஒரு காரும் ஓடாது."

எல்லோரும் கலைந்தார்கள்.

மறுபடி கூடம் திறந்தபோது பெட்டிக்குப் பூட்டு வந்திருந்தது. சாவி அவள் இடுப்பில். பெருமாள்ராஜ் ஒயரைத் தொடக் கூடாது. வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர அவனோடு வேறு பேச்சில்லை.

கை ஆறியபின் ஒரு நாள் ரீபா தாயோடு வாசலில் வந்து நின்றாள். கண் முழுக்கக் கார்களின் மேலேயே இருந்தது.

"வாம்மா, நான் பக்கத்துலயே நிக்கேன்" என்றாள் கலைச்செல்வி.

ரீபா கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். தாய் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெருமாள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதும் கலைச்செல்விக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.